பின்னால் போன இடியப்ப வண்டி

பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொப்பெட் ஒன்று உங்கள் பட்டறைக்கு வந்தால், தம்பிகளே, முதலில் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனர் எங்கேயும் ஓடிப்போகாது. வண்டிக்காரன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். அவன் சொல்வது நடக்கவே நடக்காத சங்கதியாக இருந்தால் இன்னும் நன்றாகக் கேளுங்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்றால், சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஸ்பேனர் மேல் இருக்கும் எண்ணைப் படிக்கத்தான் ஆங்கில எண்களைக் கற்றேன். ஆனால் எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸில் என் பட்டறை இருந்த சந்துக்கு, கிள்ளானிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். தெருமுனையில் ஒரு மோட்டார் திரும்பும்போதே, உள்ளே உட்கார்ந்தபடி அதன் நோய் என்னவென்று சொல்வேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதும் பெரும்பாலும் வண்டிக்காரன் பொய் சொன்னதால் தப்பியிருக்கும். அடக்கம் நல்ல குணம் என்கிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. இனி வந்து என்ன செய்யப்போகிறது.

இப்போது உங்கள் வயசுப் பையன்கள் பழைய மொப்பெட்டைத் தேடிப்பிடித்து வாங்கி, பாலிஷ் போட்டு, வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது ஓடாவிட்டால் உங்களிடம் வருகிறது. நீங்கள் எனக்குப் போன் போட்டு, "அங்கிள், கார்புரேட்டர் கழுவிட்டோம், பாயிண்ட் மாத்திட்டோம், அடுத்து என்ன மாத்தலாம்?" என்கிறீர்கள். எதை மாற்றுவது என்பது இரண்டாவது கேள்வி. அது என்ன ஜந்து என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஜந்து எனக்குச் சரியாகப் புரிந்தது சன்னாசி என்பவரின் வண்டியால்தான்.

சன்னாசி இடியப்பம் விற்பவர். மலாய்க்காரர்கள் புட்டு மாயம் என்று கேட்டு வாங்குவார்களே, அதுதான். பெடல் வைத்த, கியர் இல்லாத பழைய மொப்பெட். பின்னால் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் வாழையிலை விரித்து இடியப்பம், ஒரு பக்கம் தேங்காய்ப்பூ, ஒரு பக்கம் சீனி. மனைவி பாக்கியம் மாவு பிசைந்து பிழிந்து அவிப்பார்; இவர் கொண்டுபோய் விற்பார்.

இவருக்கு ஒரு பழைய கதை உண்டு. குடிப்பார். சும்மா குடியில்லை, வீட்டுப் பாத்திரம் வரைக்கும் போய்விட்ட குடி. பாக்கியம் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு மேரு என்ற ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு சன்னாசி அங்கே போய், அம்மன் கோவிலில் எல்லோர் முன்னாலும் கையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தபிறகுதான் பாக்கியம் திரும்பி வந்தார். "இன்னொரு சொட்டு பட்டுச்சுன்னு தெரிஞ்சா நான் பேச மாட்டேன், அண்ணனோட லோரிதான் பேசும்" என்று அப்போதே சொல்லிவிட்டார். அதற்குப்பிறகு சன்னாசி தேத்தண்ணிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. பட்டறைக்கு எதிரே இருந்த கடையில் தினமும் பார்க்கிற எனக்கு அது தெரியும்.

ஒரு சாயங்காலம், ரயில் பாதைக்கு மேலே ஏறும் மேட்டுச் சாலையில், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மொப்பெட்டை நிறுத்தியிருக்கிறார். பஸ் நகர்ந்தது. இவரும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். வண்டி பின்னால் போனது. மேட்டிலிருந்து இறங்கி, ஓரத்து லோங்காங்கில் விழுந்தது. லோங்காங் என்றால் கழிவுநீர் ஓடும் சாக்கடை. இடியப்பம் அத்தனையும் தண்ணீரில். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "ஆரம்பிச்சிட்டான்யா பழையபடி" என்றார்கள். அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

பாக்கியம் கேட்டிருக்கிறார், என்ன ஆச்சு என்று. இவர் சொல்லியிருக்கிறார்: "முன்னாடி போகத்தான் முறுக்குனேன். வண்டி பின்னால போயிருச்சு."

யோசித்துப் பாருங்கள், ஒரு முன்னாள் குடிகாரன் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அது. லோங்காங் நாற்றத்தில் வாயை மோந்து பார்க்கவும் வழியில்லை. பாக்கியம் சண்டை போடவில்லை, அழவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை லோரி வருவதாக முடிவாயிற்று.

மறுநாள் சன்னாசி வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். முழங்கையில் மருந்துத் துணி.

"அண்ணே, வண்டி பின்னால போகுமாண்ணே?"

என் பட்டறைக்கு அடுத்த கதவில் வெல்டிங் வேலை செய்த கோபால் சிரித்துவிட்டான். "ரிவர்ஸ் கியர் போட்டுக் குடுத்தாங்களா கம்பெனியில? நமக்கும் ஒண்ணு வாங்கணும்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு: பொய் சொல்கிறவன் நம்புகிற மாதிரிதான் சொல்வான். பிரேக் பிடிக்கவில்லை என்பான், நாய் குறுக்கே வந்தது என்பான். இத்தனை சுலபமான பொய்கள் இருக்கும்போது, ஒரு மனுஷன் உலகத்தில் யாருமே நம்பாத ஒன்றைச் சொல்கிறான் என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது.

"விழுந்தப்புறம் என்ன பாத்தீங்க? அதச் சொல்லுங்க" என்றேன்.

"தண்ணியில கிடந்தேன். வண்டி என் பக்கத்துல படுத்துக் கிடக்குது. எஞ்சின் நிக்கல. பின்சக்கரம் சுத்துது."

"எந்தப் பக்கம்?"

அவர் கையைச் சுற்றிக் காட்டினார். பின்பக்கமாக. "அதான்ணே எனக்கும் பயமாயிருச்சு. கண்ணுதான் கோளாறோன்னு."

மேட்டில் சறுக்கி விழுந்த வண்டி என்றால், படுத்தபிறகு சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றுவது எது? எஞ்சின்தான். அப்படியானால் எஞ்சினே தலைகீழாக ஓடியிருக்கிறது.

தம்பிகளே, நீங்கள் நான்கு ஸ்ட்ரோக்கில் வளர்ந்தவர்கள். அதில் வால்வு உண்டு. எது முன்னே, எது பின்னே என்று அதற்குத் தெரியும். பழைய இரண்டு ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள். பிஸ்டன் ஏறும்போதும் இறங்கும்போதும் அவை திறந்து மூடும், அவ்வளவுதான். பிஸ்டன் சுழற்றும் தண்டு வலப்பக்கம் சுற்றினாலும் இடப்பக்கம் சுற்றினாலும் அந்த ஓட்டைகளுக்கு ஒன்றுதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தீப்பொறி விழும். எஞ்சின் வேகமாக ஓடினால் அந்த வேகத்தில் உச்சியைத் தாண்டிவிடும். மெதுவாக, சாகிற மாதிரி ஓடும்போது தீப்பொறி ரொம்ப முந்திக்கொண்டால்? ஊஞ்சல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளிவிடுவது மாதிரி. வந்த வழியே திரும்பிப் போகும். ஓட்டைகள் மறுப்புச் சொல்லாது. ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை நான் அதுவரை பார்த்ததில்லை. மனசுக்குள் ஓட்டிப்பார்த்தேன், நடக்கும் போலத்தான் இருந்தது. அந்தத் தண்டின் முனையில் சுற்றும் சக்கரம், ஃபிளைவீல், அதன் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். தீப்பொறி எப்போது விழும் என்று காட்டும் குறி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. ஃபிளைவீலைத் தண்டோடு பிடித்துவைக்கும் அரைநிலாத் துண்டு, நாம் கீ என்போமே, அது தேய்ந்திருக்கவேண்டும். தீப்பொறி முந்திக்கொண்டுதான் இருந்தது.

கோபால் உடனே, "புதுக் கீ என்கிட்டயே இருக்கு, போட்டு அனுப்புங்க" என்றான்.

"தொடாதே" என்றேன். "இதைச் சரி பண்ணிட்டா அப்புறம் யார்கிட்ட என்னத்தக் காட்டுறது? ஞாயித்துக்கிழம வரைக்கும் இது நோயாளியாவே இருக்கட்டும்."

இதுதான் நான் அன்று எடுத்த நல்ல முடிவு. வண்டியைக் கழுவக்கூட விடவில்லை. பாக்கியத்துக்கு ஆள் அனுப்பி, லோரியில் சாமான் ஏற்றுமுன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

ஞாயிறு காலையில் வந்தார்கள். அண்ணன் பெயர் கருப்பையா. லோரி ஓட்டி ஓட்டித் தோள் அகலமாகிப்போன ஆள். லோரியைச் சந்து முனையில், எஞ்சினை அணைக்காமலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். அதிலிருந்தே தெரிந்தது எவ்வளவு நேரம் கொடுக்கப் போகிறார் என்று. பாக்கியம் அவருக்குப் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். சன்னாசி சுவரோரமாக நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வண்டியை எடுத்தேன். பெடலை மிதித்ததும் பிடித்துக்கொண்டது. சந்துக்குப் பின்னால் தண்டவாளத்துப் பக்கம் ஒரு சின்ன மேடு உண்டு. அதில் கொண்டுபோய் நிறுத்தி, முறுக்கினேன். முன்னால் போனது.

இன்னொரு தரம். முன்னால் போனது. மறுபடி. முன்னால்.

கருப்பையா பல்லிடுக்கில் குச்சியை வைத்துக்கொண்டு, "என்ன பாஸ், உங்க குதிர ஒழுங்காத்தான் ஓடுது போல. எங்க மாப்பிள்ள ஏறுனாத்தான் பின்னால போகுமோ?" என்றார்.

பாக்கியம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "போதும்ண்ணே. வாங்க, போலாம்."

கோபால் என் காதருகே வந்தான். "ரெண்டு நிமிஷம் உள்ள கொண்டுவாங்க. பொறி விழவைக்கிற பாயிண்டக் கொஞ்சம் திருப்பி வச்சா இது நிச்சயமா பின்னாலதான் போகும். உங்களுக்குத் தெரியாததா? ஒரு குடும்பம் நிக்குதுல்ல."

செய்திருக்கலாம். என் கைக்கு அது பெரிய வேலையில்லை. அந்த மேட்டில் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தேன். செய்தால் பாக்கியம் போகமாட்டார். ஆனால் நான் காட்டுவது என் வண்டியாகிவிடும், சன்னாசியின் வண்டியாக இருக்காது. அந்த மனுஷன் உண்மை சொன்னதால்தான் இந்தக் கதிக்கு வந்து நிற்கிறார். நான் போய் அதற்கு ஒரு பொய்யை முட்டுக் கொடுப்பதா? அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு விடை வேண்டும். அன்று அது ஏன் போனது, இன்று ஏன் போகமாட்டேன் என்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

"சன்னாசி, இங்க வாங்க" என்றேன். "காதக் குடுத்துக் கேளுங்க. இது உங்க வண்டி சத்தந்தானா?"

அவர் குனிந்து கேட்டார். தலையை ஆட்டினார். "இல்லண்ணே. எஞ்சின் இதுதான், ஆனா இப்படிப் பாடாது. நிறுத்துனா சாவப்போற மாதிரிதான் நிக்கும். டொக்... டொக்... டொக்னு."

எனக்குப் பொறி தட்டியது. வண்டி நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓடவேண்டும் என்று வைக்கிற ஸ்க்ரூ இருக்கிறதே, ஐடிலிங் ஸ்க்ரூ, அதைத் திருகி ஏற்றியது யார்? நான்தான். வண்டியைக் கிளப்பியதும் நம் தொழில்காரன் கை தானாக அங்கே போகும், சத்தம் சீராகிற வரைக்கும் திருகும். உங்கள் கையும் போகும், நாளைக்குக் கவனித்துப் பாருங்கள். யாரும் தொடாதே என்று ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டுவிட்டு என் கையே போய்த் தொட்டிருக்கிறது. நோயாளியை நானே பாதி குணப்படுத்திவிட்டேன்.

"நீங்க ஏன் அவ்வளவு கீழ எறக்கி வச்சீங்க?" என்றேன்.

பதில் பாக்கியம் சொன்னார்.

"நாந்தான் சொன்னேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"வீட்டு வாசல்ல நிறுத்தி எடுத்துக் குடுக்கும்போது பொகையெல்லாம் பெட்டிக்குள்ள போகுது. பங்சார் பக்கத்து டீச்சரம்மா, இடியப்பத்துல மண்ணெண்ணெ வாட அடிக்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பொகைய எப்படியாச்சும் கொறைங்க, இல்லாட்டி நான் மாவே பிசைய மாட்டேன்னேன்."

"எஞ்சின அணைச்சு வச்சு வித்திருக்கலாமே" என்றார் கருப்பையா.

"அணைச்சா மறுபடி கிளப்பணும் மச்சான்" என்றார் சன்னாசி. "வீட்டுக்கு வீடு பெட்டியத் தூக்கிக்கிட்டு பெடல் மிதிக்க முடியுமா? அதான் ஸ்க்ரூவ எறக்குனேன். பொகை கொறஞ்சுச்சு."

பாருங்கள், இதை எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவீர்கள்? இந்த வண்டியின் கோளாறில் பாதி கீயில் இருந்தது, பாதி இடியப்பத்தில் இருந்தது.

"நீங்களே திருகுங்க" என்று அவரிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். அவர் மண்டியிட்டு இறக்கினார். சத்தம் அடங்கி அடங்கி, மூச்சு விட மறந்த கிழவனைப்போல டொக்... டொக்... என்று வந்தது. சன்னாசி என்னை நிமிர்ந்து பார்த்தார். இதுதான் என்று அந்தப் பார்வையே சொன்னது. தகரப் பெட்டிக்குள் கோபால் செங்கல்களை அடுக்கினான், இடியப்பத்தின் எடைக்கு. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும் என்று சந்துக்குள்ளேயே இரண்டு தரம் சுற்றிவந்தேன்.

மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் கருப்பையா கையை நீட்டினார்.

"நீங்க எறங்குங்க. நீங்க அவரு சிநேகிதரு. கைய ஏதாவது ஜாடை காட்டுவீங்க. நான் ஏறுறேன்."

"ஏறுங்க. ஆனா பின்னால யாரும் நிக்காதீங்க" என்றேன்.

"நான் லோரிய மலை மேல நிறுத்தி எடுக்குறவன். இந்தத் தகர டப்பா என்னைய என்ன பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். மொப்பெட் அவருக்கடியில் பள்ளிக்கூடப் பையன் சைக்கிள் மாதிரி இருந்தது. பிரேக்கைப் பிடித்தார். டொக்... டொக்... முறுக்கினார். முன்னால் போனது. சிரித்தார். தள்ளிக்கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார். முறுக்கினார். எஞ்சின் திக்கி அணைந்தது. கிளப்பிக் கொடுத்தேன். என் நெஞ்சுக்குள்ளும் அதே சத்தந்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை முறுக்கியபோது எஞ்சின் ஒரு இருமல் இருமியது. நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. சத்தம் மாறியது, தொண்டை கட்டியவன் பேசுவதுபோல ஒரு கம்மல். கருப்பையாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போகட்டும் என்று இன்னும் நன்றாக முறுக்கிவிட்டார்.

வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் கிளம்பியது.

"ஏய்... ஏய்... பின்னால போகுதுடா" என்று கத்தினார். லோரி ஓட்டுகிற கை, பயத்தில் இன்னும் முறுக்கியது. இரண்டு கால்களையும் அகட்டித் தரையில் தேய்த்துக்கொண்டே, மேட்டிலிருந்து இறங்கி, கோபாலின் பழைய இரும்புக் குவியலில் போய் மோதி உட்கார்ந்தார். வண்டி சாய்ந்தது. பின்சக்கரம் பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

யாரும் உடனே போய் அணைக்கவில்லை. எல்லோரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். சன்னாசி கிட்டே போய்க் குனிந்து, தன் கண் சரியாகத்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி பார்த்தார்.

கருப்பையா இரும்பிலிருந்து எழுந்து கால்சட்டையைத் தட்டினார். "நான் முன்னாடி போகத்தான் முறுக்குனேன்" என்றார்.

"காலையிலேயேவாண்ணே?" என்றார் பாக்கியம். "எங்க ஊத்திக்கிட்டு வந்தே? அண்ணிக்குத் தெரியுமா?"

கோபால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். கருப்பையா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சந்து முனைக்குப் போய் லோரி எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, ஒரு தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

பிறகு அந்த வண்டிக்கு நான் செய்த வேலை சொற்பம். புதுக் கீ போட்டேன், குறியைச் சேர்த்தேன், ஸ்க்ரூவை ஏற்றினேன். புகை பெட்டிக்குப் போகாமலிருக்க சைலன்சர் வாலில் ஒரு குழாயை வளைத்துப் பக்கவாட்டில் திருப்பினோம். வெல்டிங் கோபால். யோசனை நான். பிற்பாடு பிரிக்பீல்ட்ஸில் இடியப்பம் விற்ற வண்டிகள் எல்லாம் அந்தக் குழாயோடு ஓடின. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது கீயைப் பற்றி அல்ல. கீ யாரும் போடலாம். ஒரு வண்டி ஒருவர் கையில் எப்படிப் பிழைக்கிறது, அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கே நிறுத்துகிறார், எதற்குப் பயந்து எதைத் திருகினார் என்று கேட்காமல் அந்த வண்டியைத் தெரிந்துகொள்ள முடியாது. பின்னால் போனது என்று ஒருவர் வந்து சொன்னால், போகாது என்று சொல்லச் சிரமமே இல்லை. எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் பெரிய ஆளானேன்.

அன்று தேத்தண்ணி குடித்து முடித்தபிறகு சன்னாசியும் பாக்கியமும் பட்டறை வாசலில் நின்றார்கள். நான் உள்ளே ஃபிளைவீலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"பிரேக் புடிக்கலன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்ல" என்றார் பாக்கியம். "அத ஏன் சொல்லல?"



"பிரேக் நல்லாத்தான இருந்துச்சு" என்றார் சன்னாசி.